ஒரு வெளியுறவு மறுப்பறிக்கையை எப்படிப் படிப்பது?

ஒரு நாட்டின் நிலைப்பாட்டுக்கு இன்னொரு நாடு பதில் சொல்லும்போது, தொலைக்காட்சி விவாதங்களை நம்பாமல், வெளியுறவு அமைச்சகம் வெளியிடும் மூல அறிக்கையை முதலில் முழுமையாகப் படியுங்கள். இதற்கு 2023 இல் இந்தியா கனடாவுக்கு அளித்த பதிலை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் இல்லை என்பது என் கருத்து.

காலிஸ்தான் என்ற தனிச் சீக்கிய நாட்டைக் கோரிவந்த, கனடாவில் வாழ்ந்த ஹர்தீப் சிங் நிஜ்ஜாரின் கொலைக்கும் இந்திய அரசின் முகவர்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று செப்டம்பர் 18 அன்று கனடாவின் அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் கூறினார். இந்தியத் தூதரக அதிகாரி ஒருவரையும் அந்நாடு வெளியேற்றியது. மறுநாள் வந்த இந்திய அறிக்கையின் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘கவனத்தில் கொண்டோம்’ என்றோ ‘கவலை தெரிவிக்கிறோம்’ என்றோ அது நிற்கவில்லை. பிரதமரின் கூற்றையும் வெளியுறவு அமைச்சரின் கூற்றையும் தனித்தனியே சுட்டி, இரண்டையும் நிராகரித்தது. காலிஸ்தான் தீவிரவாதிகளுக்குக் கனடா அடைக்கலம் தருகிறது என்ற பழைய புகாரையும் அதே மூச்சில் முன்வைத்தது.

சொல்லுக்கு அடுத்து, அதைவிடக் கூர்ந்து, செயலை எடைபோட வேண்டும். கனடாவின் தூதர் கேமரன் மெக்கே நேரில் வரவழைக்கப்பட்டார். ஆனால் ஐந்து நாட்களுக்குள் வெளியேறச் சொல்லப்பட்டவர் அவரல்லர், மூத்த அதிகாரி ஒருவரே. ஒருவருக்கு ஒருவர் என்ற இந்த அளவு தற்செயலானதல்ல. தூதரையே வெளியேற்றுவது பல படிகள் மேலே உள்ள நடவடிக்கை; அந்தப் படியில் இந்தியா அன்று கால் வைக்கவில்லை.

மூன்றாவதாக, எந்தச் சட்டவிதி காட்டப்படுகிறது என்று தேடுங்கள். நாடுகளுக்கிடையிலான தூதரக உறவுகள் குறித்த 1961 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 9 ஆவது பிரிவு, காரணம் கூறாமலே ஓர் அதிகாரியை ஏற்க மறுக்க இடம் தருகிறது. அக்டோபரில் கனடாவின் 62 அதிகாரிகளில் 41 பேர் இந்தியாவை விட்டு வெளியேற நேர்ந்தபோதோ, தூதரகத்தின் பணியாளர் அளவை வரையறுக்க இடம்தரும் 11 ஆவது பிரிவையே இந்தியா ஆதாரமாகக் காட்டியது.

கடைசியாக, எது எப்போது தளர்த்தப்படுகிறது என்பதைக் குறித்து வையுங்கள். செப்டம்பர் 21 அன்று கனடியர்களுக்கு நிறுத்தப்பட்ட விசா சேவையில், வணிகம், மருத்துவம், மாநாடு போன்ற சில வகைகள் மட்டும் அக்டோபர் 26 முதல் திரும்ப வந்தன. மின்விசா நவம்பர் 22 அன்றுதான் வந்தது.