ஜவுளி வணிகமும் ஆடைத் துறையும்: நெல்லையில் இருந்தே கற்கத் தொடங்குவது எப்படி?

ஆடைத் துறையையும் சில்லறை வணிகத்தையும் கற்க இலவசப் பாடங்களுக்கு இன்று பஞ்சமில்லை. ஆனால் எதை முதலில் படிப்பது என்று தெரியாமல் வீடியோ வகுப்பில் தொடங்குபவர்கள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். துணி, கடை, கணக்கு மூன்றும் கைக்கு வந்த பிறகு அதே பாடத்தைக் கேட்டால் பாதி நேரத்தில் புரியும். அந்த வரிசையிலேயே கீழே தந்திருக்கிறோம்.

படி 1: ஐந்து துணி வாங்குங்கள்

டவுன் கடைகளில் கட்பீஸ் கேட்டு, பருத்தி பாப்ளின், பாலியெஸ்டர் கலந்த பருத்தி, ரேயான், முழு பாலியெஸ்டர், லினன் ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் வாங்குங்கள். ஒவ்வொன்றின் மீட்டர் விலையோடு அகலத்தையும் நோட்டில் எழுதுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் அகலத்தைப் பார்ப்பதில்லை. 36 அங்குல அகலத் துணி மீட்டர் 120 ரூபாய், 58 அங்குலத் துணி 170 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் முதலாவது சுமார் 131 ரூபாய், இரண்டாவது சுமார் 115. மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது.

அடுத்து எரித்துப் பார்ப்பது. நீள வாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் தனித்தனியே உருவி, இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடை வீசி மென்மையான சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடை தரும். மிஞ்சும் கருப்பு உருண்டை விரலில் நசுங்கிப் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, நசுங்காத கெட்டி உருண்டையாக நிற்கும். பாவு ஒரு நூல், ஊடை வேறு நூல் என்று நெய்த துணி நிறைய உண்டு. இரண்டையும் சேர்த்து எரித்தால் விடை குழம்பிவிடும். ரேயானும் பருத்தி போலவே எரியும் என்பதால் இந்தச் சோதனையில் இரண்டும் பிரியாது. ரேயான் நூலை நனைத்து இழுத்தால் எளிதில் அறும். பருத்தி நூல் நனைந்தால் இன்னும் உறுதியாகும்.

துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. வெட்டி நிறுத்து 100-ஆல் பெருக்கினால் போதும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, அதில் இதைச் செய்தால் கணக்கு 50, 100 என்று தவறும். நகைக்கடையில் இருப்பது போன்ற நுண் தராசு இல்லையென்றால் 50-க்கு 50 செ.மீ. வெட்டி, எடையை 4-ஆல் பெருக்குங்கள். 30 கிராம் வந்தால் 120 ஜி.எஸ்.எம்.

சுருக்கம் பார்க்க, துணியின் நடுவில் 25 செ.மீ. சதுரம் அழியாத பேனாவால் வரைந்து, துவைத்து, நிழலில் முழுதாகக் காயவிட்டு அளந்து பாருங்கள். 24 செ.மீ. வந்தால் 4 சதவீதம் சுருங்கியிருக்கிறது. அரைகுறை ஈரத்தில் அளந்தாலும், இழுத்துப் பிடித்து இஸ்திரி போட்ட பின் அளந்தாலும் சுருக்கம் குறைவாகத் தெரியும். சட்டை திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம், அதனால் இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படி 2: தறியைப் பாருங்கள்

பாபநாசம் சாலையில் உள்ள வீரவநல்லூர் நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே நெய்யும் செடிபுட்டா புடவைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அனுமதி கேட்டு, ஒரு தறியின் பக்கத்தில் அரை நாள் உட்காருங்கள். என்ன நம்பர் நூல், ஒரு புடவைக்குப் பாவு போட எவ்வளவு நேரம், நெய்ய எத்தனை நாள், கூலி எவ்வளவு என்று கேளுங்கள். 80-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் (நூல் கழி) 80 சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை. நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது. இது தெரிந்தபின் கடையில் ஒரு புடவையின் விலை எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

படி 3: ரத வீதியில் கணக்கெடுங்கள்

ஆர்.எம்.கே.வி. 1924-இல் தொடங்கியது டவுன் வடக்கு ரத வீதியில்தான். ஜவுளி வணிகம் படிக்க நல்ல இடம். செவ்வாய் காலை 11 மணிக்கு ஒரு மணி நேரம், சனி மாலை 6 மணிக்கு ஒரு மணி நேரம், ஒரே கடைவாசலுக்கு எதிரே நின்று, உள்ளே போகிறவர்களையும் பையோடு வெளியே வருகிறவர்களையும் எண்ணுங்கள். ஆட்களை எண்ணினால் கணக்கு பொய்த்துவிடும். நம் ஊரில் குடும்பமாக ஐந்து பேர் போய் ஒரே பையோடு வருவார்கள், அதனால் குழுவை எண்ணுங்கள். 40 குழுக்களில் 26 பையோடு வந்தால் 65 சதவீதம். பிறகு வண்ணார்பேட்டைப் பக்கம் ரெடிமேட் கடை ஒன்றிலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். உள்ளே அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம்.

கூடவே ஒரு பருவ அட்டவணை போடுங்கள்: ஜூனில் சீருடை, ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தம், தீபாவளி, பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ், பொங்கல், மேலப்பாளையத்தில் ரம்ஜான். ரம்ஜான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகரும். போன ஆண்டு இதே மாத விற்பனையோடு ஒப்பிட்டுச் சரக்கு எடுப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

படி 4: மூன்று கணக்கு

வரி நீங்கலாக 400 ரூபாய்க்கு வாங்கிய சட்டையை வரி உட்பட 600-க்கு விற்கிறீர்கள். "50 சதவீதம் லாபம்" என்று சொல்லத் தோன்றும். 22 செப்டம்பர் 2025 முதல் 2,500 ரூபாய் வரையிலான ரெடிமேட் ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. 5 சதவீத வரியைக் கழித்தால் கடைக்கு வருவது 571 ரூபாய் 43 பைசா. லாபம் 171 ரூபாய் 43 பைசா, அதாவது விற்பனையில் 30 சதவீதம். வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் இதற்குள்தான். ஆடியில் 40 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் வரி போகக் கிடைப்பது சுமார் 343 ரூபாய். அடக்க விலையிலேயே 57 ரூபாய் நட்டம். 30 சதவீதத்துக்கு மேல் தள்ளக்கூடாது என்பது இங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாவது, விற்பனை வேகம். 60 சட்டை எடுத்து 30 நாளில் 42 போனால் 70 சதவீதம். நல்ல எண்தான். ஆனால் மிச்சமுள்ள 18-உம் எஸ், டபுள் எக்ஸெல் அளவுகளாக இருந்தால் தப்பு ரகத்தில் இல்லை, அளவு விகிதத்தில். எண்ணை எப்போதும் அளவு வாரியாக, நிற வாரியாக உடைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, சரக்குச் சுழற்சி: ஆண்டில் விற்ற சரக்கின் அடக்க விலையைச் சராசரி இருப்பால் வகுப்பது. 48 லட்சத்தை 16 லட்சத்தால் வகுத்தால் 3. சரக்கு சராசரியாக நான்கு மாதம் கடையில் கிடக்கிறது என்று பொருள்.

படி 5: இப்போது படியுங்கள்

தமிழில் தொடங்க, தமிழக அரசின் 11, 12-ஆம் வகுப்புத் தொழிற்கல்விப் பிரிவில் துணி, ஆடை வடிவமைப்பு பாடநூல்களை இணையத்தில் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் ஓரளவு வருமென்றால் சி.பி.எஸ்.இ.யின் ரீடெயில், ஃபேஷன் ஸ்டடீஸ் பாடநூல்களும் இலவசம். துணிச் சோதனை, நூற்பு, நெசவு பற்றி என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் உள்ளன. பார்க்கக் கட்டணமில்லை, தேர்வெழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம்.

பலர் கவனிக்காத பொக்கிஷம் ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் பங்குச் சந்தைக்கு வரும்போது, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு ஆவணத்தை செபி தளத்தில் யாரும் படிக்கலாம். பெண்கள் ஆடை விற்கும் சென்னையைச் சேர்ந்த கோ ஃபேஷன் 2021-இலும், புடவைக் கடைகள் நடத்தும் சாய் சில்க்ஸ் கலாமந்திர் 2023-இலும் சந்தைக்கு வந்தன. நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், முழுதும் வேண்டாம். "தொழில் நிலவரம்", "எங்கள் வணிகம்", "அபாயங்கள்" மூன்றையும் படியுங்கள். அபாயங்கள் பகுதிதான் நேர்மையானது, ஏனென்றால் எதனால் தொழில் சரியும் என்பதை நிறுவனமே அங்கே எழுதியாக வேண்டும். படி 4-இல் போட்ட கணக்குகளை அவர்கள் எண்களில் தேடிப் பாருங்கள்.

பட்டம் வேண்டுபவர்களுக்கு: சென்னை தரமணியில் உள்ள நிஃப்ட்டின் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம்) இரண்டாண்டு ஃபேஷன் மேனேஜ்மென்ட் மேற்படிப்புக்கு எந்தப் பட்டதாரியும் நுழைவுத் தேர்வு எழுதலாம். நெசவுத் தொழில்நுட்பத்துக்குச் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம். தையலுக்கு ஐ.டி.ஐ.யின் ஓராண்டு சூயிங் டெக்னாலஜி. பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் அந்த ஆண்டின் பிரிவுகளை விசாரியுங்கள்.

படி 6: தீபாவளிக்கு வேலைக்குச் சேருங்கள்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஜவுளிக்கடைகள் தற்காலிக ஆட்களை எடுப்பார்கள். கவுண்டரில் நிற்கச் சொல்வார்கள். முடிந்தால் குடோனையும் பில் பிரிவையும் கேளுங்கள். சரக்கு வரும் கட்டைப் பிரித்து, பில்லோடு ஒத்துப் பார்த்து, பார்கோடு ஒட்டி மேலே அனுப்பும் வேலையில் ஒரு வாரம் இருந்தால் எந்த ரகம் எங்கிருந்து வருகிறது, எந்தக் கட்டில் குறை வருகிறது, எது போட்டது போட்டபடி கிடக்கிறது என்பதெல்லாம் கைவழியே தெரிந்துவிடும். முதல் நாளே கொள்முதல் விலையைக் கேட்காதீர்கள், எந்தக் கடையிலும் அதைப் புது ஆளிடம் சொல்லமாட்டார்கள்.