நெல்லையின் குப்பைமேடுகளைக் குறிக்கப் போகிறீர்களா?

கண்ணில் பட்ட குப்பைக்கெல்லாம் மேப்பில் ஒரு புள்ளி வைப்பதுதான் முதல் தவறு. ராமையன்பட்டி மாநகராட்சிக் குப்பைக் கிடங்குக்கும் ஒரு புள்ளி, தெருமுனையில் கிடக்கும் நாலு பைக்கும் ஒரு புள்ளி என்றால் அந்தப் படத்தால் யாருக்கு என்ன பயன்? மாநகராட்சிக் கிடங்கு, தரம் பிரிக்கும் இடம், கண்டவர்களும் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன இடம் என்று மூன்றுக்கும் மூன்று நிறம் கொடுங்கள். பெரிய மேட்டைச் சுற்றி நடந்து எல்லையையே வரைந்துவிடலாம்.

அதைவிடப் பெரிய தவறு, தேதி போடாதது. கோடையில் தண்ணீரை நிறுத்தியிருக்கும்போது மேலப்பாளையம் பக்கம் பாளையங்கால்வாயை எட்டிப் பாருங்கள். பாலித்தீன் பை, உடைந்த தெர்மாகோல், பஞ்சு பிதுங்கிய தலையணை எல்லாம் தரையோடு ஒட்டிக் கிடக்கும். கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. குப்பை எங்கேயும் போய்விடவில்லை. கீழே ஏதாவது பாலத்திலோ மடையிலோ அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் தண்ணீர் வருமுன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு தடவை என்று இரண்டு நடை போயே ஆக வேண்டும்.

காலை வெயிலுக்கு முன் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாலும் போதாது. கோழிக் கழிவு மூட்டை ராத்திரியில்தான் வந்து விழும். பக்கத்து டீக்கடையில், "அண்ணாச்சி, இங்க யாரு வந்து கொட்டுதாவ?" என்று கேட்டால் நேரம் உட்படச் சொல்லிவிடுவார். தூய்மைப் பணியாளர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர்களிடம் கேட்காமல் வரைந்த படத்தை நான் நம்புவதில்லை.

மாநகராட்சியின் 55 வார்டோடு நின்றுவிடாதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு கிடந்தது நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. ஊர் எல்லை முடிகிற இடத்தில்தான் கொட்டுகிறவனுக்குத் தைரியம் வருகிறது.

கடைசியாகச் சில்லறைத் தவறுகள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் இருப்பிட விவரம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். இடத்தை எண்ணாகக் குறிக்கும்போது அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அப்புறம். நமக்குச் சுமார் 8.7, 77.7. தசமத்துக்குப் பின் நாலு இலக்கமாவது வேண்டும். அப்போதுதான் பத்துப் பதினோரு மீட்டருக்குள் வரும். என் முதல் பட்டியலில் இரண்டு எண்களையும் மாற்றிப் போட்டுவிட்டேன். பேட்டைக் குப்பை ஆர்க்டிக் கடலில் மிதந்தது.