தெர்மோஸ்டாட்டை எந்தச் சுவரில் வைப்பது? பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரிட்டனில் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளில் பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு கேஸ் பாய்லர், அந்தச் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் அறைக்கொன்று, சுவரில் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். குளிர் தொடங்கியதும் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை, தெர்மோஸ்டாட்டை 30 டிகிரிக்குத் திருகுவது. அப்படித் திருகினால் வீடு சீக்கிரம் சூடாகிவிடாது. தெர்மோஸ்டாட் ஒரு சுவிட்ச் மாதிரிதான். தன்னைச் சுற்றியுள்ள காற்று நீங்கள் வைத்த அளவுக்கு வந்ததும் பாய்லரை நிறுத்தும், குறைந்தால் மறுபடி போடும். மாடியில் நீங்கள் போர்வைக்குள் நடுங்குவது அதற்குத் தெரியாது. அதனால் எத்தனை டிகிரி என்பதற்கு முன்னால், அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய வீடுகளில் வாசலை ஒட்டிய நடையில் மாட்டியிருப்பார்கள். நம் குடும்பங்களுக்கு அது சுத்தமாக ஒத்துவராது. "சரி, வரோம்" என்று எழுந்த விருந்தாளி, ஷூவை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்தபடி இன்னும் அரை மணி நேரம் பேசுவார். ஜனவரிக் காற்று நேராகத் தெர்மோஸ்டாட்டில் அடிக்கும். பாய்லர் நிற்காமல் ஓடும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வியர்க்கும், கேஸ் பில் ஏறும்.

சமையலறையும் உட்காரும் இடமும் ஒன்றாக உள்ள ஃபிளாட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. அடுப்புப் பக்கம் வைத்தால், நான்கு தோசை வார்ப்பதற்குள் வீடு சூடாகிவிட்டதாக நினைத்து பாய்லரை அணைத்துவிடும். டிவிக்கு மேலே, டேபிள் லேம்ப் பக்கத்தில், சாமி விளக்குக்கு நேர் மேலே வைத்தாலும் இதே கதைதான். தெற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரும் வேண்டாம். குளிர்காலச் சூரியன் தாழ்வாக இருப்பதால் வெயில் அறைக்குள் வெகுதூரம் வரும்.

நீங்கள் அதிக நேரம் உட்காரும் அறையில், வெளிச்சுவராக இல்லாத ஒரு சுவரில், தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். திரைச்சீலையோ அலமாரியோ மறைக்காமல் காற்று தாராளமாகப் பட வேண்டும். வயர் வரும் ஓட்டையையும் பாருங்கள். உள்ளே வெற்றிடமுள்ள சுவரென்றால் அந்த ஓட்டை வழியாகக் குளிர்காற்று கசிந்து தெர்மோஸ்டாட்டின் முதுகில் படும். அதை அடைக்கச் சொல்லுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, ரேடியேட்டர் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு. அது அந்த ஒரு ரேடியேட்டருக்கு மட்டுமான கட்டுப்பாடு. 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. தெர்மோஸ்டாட் உள்ள அறையில் இதை முழுதாகத் திறந்தே வையுங்கள். அங்கே குறைத்துவிட்டால் அந்த அறை வேண்டிய சூட்டை எட்டவே எட்டாது, பாய்லரும் ஓயாது. மற்ற அறைகள்தான் கொதிக்கும். படுக்கையறைகளில் தாராளமாகக் குறைக்கலாம். குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 டிகிரி போதும் என்பது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் ஆலோசனை. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி இதை ஒப்புக்கொள்வது கடினம், தெரியும்!

வயர்லெஸ் தெர்மோஸ்டாட் கிடைத்தால் நல்லது. ஸ்டாண்டோடு வரும் மாடல் என்றால், சுவரில் துளை போடும் முன் இரண்டு மூன்று நாள் மேஜையில் வைத்துப் பாருங்கள். நீங்கள் உட்காரும் சோபா பக்கத்தில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை வையுங்கள். இரண்டும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் வேறு இடம் தேடுங்கள்.

வாடகை வீடென்றால் முதலில் உரிமையாளரிடமோ ஏஜென்டிடமோ கேட்டு, அனுமதியை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய தெர்மோஸ்டாட்டுகள் பலவற்றில் 230 வோல்ட் மின்சாரம் வரும். நீங்களே கழற்ற வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பாய்லரைத் திறக்க வேண்டியிருந்தால் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவுள்ளவர் மட்டுமே கை வைக்கலாம். வருபவரிடம் கேஸ் சேஃப் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அட்டையின் பின்பக்கம் இருக்கும்.