நெட் வரலைன்னா எங்கேர்ந்து பாக்கணும்? பிகாம், பிபிஏ பசங்களுக்கு

பிகாம் சிஏ படிக்கும்போது ஒரு செமஸ்டர் நெட்வொர்க் பேப்பர் இருந்துச்சு, ஓஎஸ்ஐ மாடல்னு ஒண்ணு, நெட்வொர்க் வேலையை வயர்லேர்ந்து சாஃப்ட்வேர் வரைக்கும் ஏழு லேயரா, அதாவது அடுக்கா பிரிச்சுக் காட்டும், அந்த ஏழு பேரையும் மனப்பாடம் பண்ணி, பத்து மார்க்குக்கு படம் போட்டு கட்டம் கட்டிட்டு வந்தேன், அது எதுக்குன்னு சத்தியமா தெரியாது. அப்புறம் ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போனேன், ஆடி தள்ளுபடி நேரத்துல பில் பிரிண்டர் நின்னுபோச்சு, கவுண்டர்ல கூட்டம், முதலாளி என்னைப் பாத்து "தம்பி, கம்ப்யூட்டர் படிச்சவன்தானே நீ, என்னன்னு பாரு"ன்னுட்டார். அன்னிக்குதான் புரிஞ்சுது, அந்த லேயர் எல்லாம் யாரை முதல்ல சந்தேகப்படணும்ங்கிற வரிசைதான். கீழேர்ந்து மேல போகணும், நடுவுல குதிக்கக் கூடாது.

முதல்ல கையால தொடுற சமாச்சாரம், அதாவது வயர். சுவிட்ச்ல (கரண்ட் சுவிட்ச் இல்ல, எல்லா நெட் கேபிளும் வந்து சேர்ற பெட்டி) கேபிள் சொருகின இடத்துல லைட் எரியுதா பாருங்க, எரியலைன்னா மேல போகவே வேண்டாம், கேபிளை மாத்திப் போட்டு பாருங்க. அந்த கேபிளுக்குள்ள எட்டு சின்ன வயர், நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) வேகத்துக்கு ரெண்டு ஜோடி போதும், 1000க்கு நாலும் வேணும். இதனால ஒரு வேடிக்கை நடக்கும். 100க்கு வேண்டிய ரெண்டு ஜோடி நல்லா இருந்து, மத்த ரெண்டுல ஒண்ணு சரியா கிரிம்ப் ஆகலைன்னா, அதாவது முனையில இருக்கிற ஜாக்குல சரியா அழுத்திப் பிடிக்கலைன்னா, பெரும்பாலும் நெட் நிக்காது, ஓடும், ஆனா சத்தமில்லாம 100க்கு இறங்கிடும், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. எங்க கடையில டேலி பேக்கப் தினமும் ஆமை மாதிரி போச்சு, எல்லாரும் கம்ப்யூட்டர் பழசுன்னே சொல்லிட்டிருந்தாங்க, கடைசியில பாத்தா ஒரு ஜாக்தான்.

இங்க ஒரு கணக்கு கத்துக்கோங்க, காமர்ஸ் பசங்கன்னா இதுல கோட்டை விடக் கூடாது. நெட் கம்பெனிக்காரன் சொல்றது பிட், உங்க ஃபைல் சைஸ் பைட், 8 பிட் சேந்தா 1 பைட். 100 எம்பிபிஎஸ்ஸை 8ஆல வகுத்தா நொடிக்கு 12.5 எம்பி. 2 ஜிபி பேக்கப்பை 2000 எம்பின்னு வெச்சுக்கிட்டா 160 நொடி, அதே 1000ல 16 நொடி. இது பேப்பர் கணக்கு, நிஜத்துல இதவிட கொஞ்சம் லேட்டாதான் ஆகும், ஆனா பத்து மடங்கு வித்தியாசம் எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சுடும்.

வயர் சரின்னா அடுத்து ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்ல ஒவ்வொரு மெஷினுக்கும் இருக்கிற நம்பர். விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக்னு (ipconfig) அடிங்க. 192.168னு ஆரம்பிச்சா பெரும்பாலும் ரவுட்டர் அட்ரஸ் குடுத்திருக்குன்னு அர்த்தம். 169.254னு ஆரம்பிச்சா யாருமே குடுக்கலை, கம்ப்யூட்டர் தானா ஒண்ணு வெச்சுக்கிச்சு. அட்ரஸ் குடுக்கிற வேலைக்கு டிஹெச்சிபின்னு பேரு, அதப் பாக்கிறது கடைகள்ல பெரும்பாலும் ரவுட்டர்தான், அதனால அதை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க.

அப்புறம் பிங் (ping), அதாவது ஒரு அட்ரஸுக்கு 'இருக்கியா'ன்னு குரல் குடுத்து பதில் வருதான்னு பாக்கிற கமாண்ட், மூணு தடவை. ஐபிகான்ஃபிக்ல டீஃபால்ட் கேட்வேன்னு வர்ற அட்ரஸுக்கு (அது உங்க ரவுட்டர்) ஒண்ணு, வெளிய இருக்கிற கூகுள் சர்வரான 8.8.8.8க்கு ஒண்ணு, ஏதாவது வெப்சைட் பேருக்கு ஒண்ணு. முதல்லயே பதில் இல்லைன்னா கோளாறு கடைக்குள்ள. அது ஓகே, ரெண்டாவது இல்லைன்னா கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கு வெளிய, நெட் கம்பெனிக்கு போன் போடலாம். ரெண்டும் ஓகே, பேருக்கு மட்டும் வரலைன்னா பேரை நம்பரா மாத்துற டிஎன்எஸ் படுத்துருச்சு. சில சைட் பிங்குக்கு வேணும்னே பதில் சொல்லாது, அதனால ரெண்டு மூணு பேர் போட்டு பாருங்க.

இப்ப அந்த பிரிண்டர். லைட் எரியுது, பில்லிங் சாஃப்ட்வேர்ல பிரிண்டர் அட்ரஸ் 192.168.1.23னு இருக்கு, பிங் போட்டேன், பதிலும் வருது, அப்புறம் ஏன் பில் வரலைன்னு மண்டை காஞ்சுது. ஒரு மணி நேரம் கழிச்சுதான் ஏஆர்பி மைனஸ் ஏ (arp -a) போட்டு பாத்தேன், எந்த ஐபி அட்ரஸ்ல எந்த மெஷின் இருக்குன்னு அது காட்டும், 23க்கு நேரா இருக்கிற மேக் அட்ரஸ் (ஒவ்வொரு மெஷினுக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பர்), பிரிண்டர் பின்னாடி ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்கிறது இல்ல. காலையில கரண்ட் போய் வந்ததுல ரவுட்டர் எல்லாருக்கும் புதுசா அட்ரஸ் பிரிச்சுக் குடுத்திருக்கு, பிரிண்டர் 31க்கு போயிடுச்சு, 23ல உக்காந்திருந்தது சேல்ஸ் பொண்ணோட போன்! பிங் பதில் வந்தா அந்த அட்ரஸ்ல யாரோ இருக்காங்கன்னுதான் அர்த்தம், நீங்க தேடுற ஆள்தான்னு இல்ல. ரவுட்டர் செட்டிங்ஸ்ல போய் அந்த மேக்குக்கு எப்பவும் 23தான்னு ரிசர்வ் பண்ணி வெச்சேன், அதுக்கப்புறம் அந்தத் தொல்லை இல்ல. பிரிண்டர், சர்வர், கேமரா ரெக்கார்டர், இதுங்களுக்கெல்லாம் முதல் நாளே இப்படி பண்ணிடுங்க.

அஞ்சு, ஆறு, ஏழாவது லேயரை தனித்தனியா எங்கயாவது பாக்க முடியுமான்னு தேடாதீங்க, பெரும்பாலும் சாஃப்ட்வேருக்குள்ளயே ஒண்ணா கலந்து கிடக்கும். உலக அளவுல தரம் நிர்ணயிக்கிற ஐஎஸ்ஓ ஏழு லேயர் மாடலை வெளியிட்டது 1984ல, அதுக்கு முந்தின வருஷமே, 1983 ஜனவரி 1ல, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட், இன்னிக்கு நெட் ஓடுற டிசிபி ஐபி விதிமுறைக்கு மாறியாச்சு. நாம ஓட்டுறது அந்த வழிதான், பரீட்சைக்கு மட்டும் ஏழு.

முதலாளி பிளான் வாங்கச் சொன்னா எம்பிபிஎஸ்ஸை மட்டும் பாக்காதீங்க. வேகம் வேற, தாமதம் வேற. சென்னையிலேர்ந்து சிங்கப்பூருக்கு கடலுக்கடியில ஐடூஐன்னு ஒரு கேபிள் போகுது, ஏறக்குறைய 3200 கிலோமீட்டர். ஃபைபர்ல வெளிச்சம் நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், அதனால போக 16 மில்லி செகண்ட், வர 16. சர்வர் சிங்கப்பூர்ல இருந்தா 32க்கு கீழ பிங் வராது, ஆயிரம் எம்பிபிஎஸ் வாங்கினாலும் வராது.

கடைக்கு உண்மையில வேணும்ங்கிறது என்ன? ஒரு யூபிஐ பேமெண்ட்டுக்கு ஆகுற டேட்டா ரொம்பக் கம்மி, ஆனா அந்த நிமிஷம் லைன் இருந்தே ஆகணும். அதனால 300 எம்பிபிஎஸ் ஒரே லைனுக்கு பதிலா சின்னதா ரெண்டு லைன், ரெண்டு வேற கம்பெனி, ரவுட்டருக்கும் சுவிட்ச்சுக்கும் ஒரு யூபிஎஸ், இதுதான் என் ஓட்டு. ஆர்டர் குடுக்கிறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு அண்ணாந்து பாருங்க. கம்பெனி பேரு வேற வேறயா இருந்தும் ரெண்டு ஃபைபரும் ஒரே கம்பத்துல தொங்குச்சுன்னா, லோடு தூக்கிக் கட்டின ஒரு கரும்பு லாரி போதும், ரெண்டையும் சேத்து இழுத்துட்டு போயிடும்.