மூலையில் பிளக்கும் வீடு: சொந்தமாகச் சுவர் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லடத்திலிருந்து உடுமலை போகிற ரோட்டோரம், எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு தம்பி வீடு கட்டுகிறான். தறி வேலை போக, லீவு நாளில் அவனும் அவன் சம்சாரமும்தான் கொத்தனாரும் சித்தாளும். போன ஞாயிறு எட்டிப் பார்த்தேன். மேற்குச் சுவர் மட்டும் 7 அடிக்கு நிமிர்ந்து நிற்கிறது. மற்ற மூன்று பக்கமும் கடைக்காலோடு சரி. சுவரின் இரண்டு முனையும் அரிவாளில் வெட்டியது மாதிரி நேராக இருந்தன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் முதலில் கட்டியதும் இதே மாதிரிச் சுவர்தான்.

தூக்குக்குண்டு போடு, மணலைச் சலி, செங்கலை ஊறப்போடு என்பதை யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சுவர் சுவராகக் கட்டுவது

காசு வர வரக் கட்டுகிறவனுக்கு ஒரு சுவரையாவது முடித்துப் பார்க்க ஆசை. எனக்கும் இருந்தது. வடக்குச் சுவரை முழுசாக ஏற்றினேன். நாலு மாதம் கழித்துப் போனஸ் வந்ததும் கிழக்குச் சுவரைக் கொண்டுபோய் அதன்மேல் ஒட்டினேன். ஒட்டினேன் என்பதுதான் சரியான வார்த்தை. நடுவில் கலவை மட்டும்தான் இருந்தது, ஒரு செங்கல்கூட இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குள் போகவில்லை.

பூசி, சுண்ணாம்பு அடித்து, குடியும் போயாச்சு. அடுத்த கோடையில் மூலையில் மேலிருந்து கீழே மயிரிழை மாதிரி ஒரு கோடு. பார்க்க வந்த கொத்தனார், "பட்டி பாத்து வெள்ளையடிச்சாத் தெரியாதுங்க" என்றார். அடித்தேன். ஐப்பசி மழையில் அந்தக் கோடு வழியாகத் தண்ணீர் இறங்கி அரிசி மூட்டை நனைந்தது. மறுபடி பூசினேன், மறுபடி விட்டது. கடைசியில் மூலையில் இரண்டு பக்கமும் 2 அடி இடித்து, கல்லைக் கோத்துக் கட்ட வேண்டியதாயிற்று. அந்தக் காசில் ஒரு அறைக்குத் தரை போட்டிருக்கலாம். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

சுவர் சுவராக ஏற்றாமல் மட்டம் மட்டமாக ஏற்றுங்கள். முதலில் நாலு மூலையிலும் நாலைந்து வரி எழுப்புங்கள். ஒரு வரியில் இந்தச் சுவரின் கல் மூலையைத் தாண்டிப் போகட்டும், அடுத்த வரியில் அந்தச் சுவரின் கல். இரண்டு கல்லுக்கு நடுவில் விழும் சந்துக்கு நேர்மேலே அடுத்த வரியின் சந்து வரக்கூடாது. அப்புறம் மூலைக்கு மூலை நூல் கட்டி நடுவை நிரப்புங்கள். காசு தீர்ந்ததா? எல்லாச் சுவரையும் ஜன்னல் மட்டத்தில் நிறுத்தி, மேலே தார்ப்பாய் போடுங்கள். நடுவில் விட்டே ஆக வேண்டுமென்றால் முனையைப் படிக்கட்டு மாதிரி இறக்கி விடுங்கள்.

"அப்ப இந்தச் சொவுத்த என்னங்ண்ணா பண்றது?" என்றான் தம்பி. படி படியாக இறக்கச் சொன்னேன். 7 அடி உயரத்துக்கு அடியில் கிட்டத்தட்ட 7 அடி நீளம் போகும், அதுவும் இரண்டு முனையிலும். அவன் சம்சாரத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரி, ஒரு வரி விட்டு ஒரு வரி முனைக்கல்லை எடுத்துப் பல்லாவது விடு என்றேன். அது இரண்டாம் பட்சம்தான். பல்லுக்கு அடியில் கலவையைக் குத்தி அடைக்காவிட்டால் உள்ளே பொந்து நிற்கும்.

ஆடிக்காற்றை மறப்பது

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி ஆடியில் ஈரத்தைத் துடைத்து எடுத்துவிடும். காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கு இருக்காது. கோணிச் சாக்கை நனைத்துச் சுவரில் தொங்கவிடுங்கள், 7 நாளாவது காயவிடாதீர்கள். புதுச் சுவரை ஒரே நாளில் 4 அடிக்கு மேல் ஏற்றவும் வேண்டாம். துணையில்லாமல் தனியாக நிற்கிற, இன்னும் இறுகாத பச்சைச் சுவரை இந்தக் காற்று தள்ளியும் விடும்.

போர்த் தண்ணீர்

வாயில் வைத்தால் கரிக்கிறதா? கலவைக்கு வேண்டாம். சுவரில் உப்புப் பூக்கும், கம்பி போட்ட கான்கிரீட்டில் கம்பியையே அரிக்கும்.

பக்கத்துத் தோட்டத்து மண்ணை நம்புவது

வரப்புக்கு அந்தப் பக்கம் செம்மண், இந்தப் பக்கம் கரிசல். குழி தோண்டிப் பார்க்காமல் கடைக்கால் ஆழத்தை முடிவு பண்ணாதீர்கள்.

மதியக் கலவை

இறுகியதில் தண்ணீர் ஊற்றிக் குழைக்காதீர்கள். கொட்டிவிடுங்கள்.

கரண்டு குழாய்

பூசுவதற்கு முன்னால் சுவரை வெட்டிப் புதைத்துவிடுங்கள். நான் பூசிய பிறகு வெட்டினேன்.