டாக்கர்ல சொந்தமா ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் ஓட்டுறது எப்படி

நாலஞ்சு ஃப்ரெண்ட்ஸ் ஒரே உலகத்துல விளையாடணும், யாரு கேமை மூடிட்டுப் போனாலும் உலகம் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கணும்னா தனியா ஒரு சர்வர் வேணும். ஜாவா எடிஷனோட சர்வர் சாஃப்ட்வேர் இலவசம்தான், ஆனா நேரடியா இன்ஸ்டால் பண்ணப் போனா மைன்கிராஃப்ட் வெர்ஷன் 1.16க்கு ஜாவா 8, 1.18க்கு ஜாவா 17, 1.20.5க்கு ஜாவா 21னு ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு கேக்கும். டாக்கர்ன்றது ஒரு சாஃப்ட்வேரை அதுக்கு வேண்டியதோட சேத்துத் தனி டப்பாவுல (கன்டெய்னர்) ஓட்டுற கருவி, அதுல அந்த ஜாவாவும் சர்வரும் ஒரே இமேஜுக்குள்ள, அதாவது ரெடியா பேக் பண்ணின தொகுப்புக்குள்ள வந்துடுது, உங்க கம்ப்யூட்டர்ல வேற எதையும் கலைக்காது.

மொதல்ல டாக்கர் போடுங்க. விண்டோஸ்ல டாக்கர் டெஸ்க்டாப், லினக்ஸ்ல டாக்கர் இன்ஜினும் கம்போஸ் ப்ளகினும் போதும். அப்புறம் ஒரு காலி ஃபோல்டர் திறந்து உள்ள கம்போஸ் டாட் யாமல் (compose.yaml)னு ஒரு ஃபைல் வைங்க. சர்வர் சம்பந்தப்பட்ட எல்லா செட்டிங்கும் இந்த ஒரு ஃபைல்லதான் இருக்கும், எல்லாம் ஆங்கில எழுத்துலதான் டைப் பண்ணணும், வரி தள்ளுறதுக்கு ஸ்பேஸ் மட்டும்தான், டேப் அடிச்சா யாமல் ஒத்துக்காது.

இமேஜ் எதுன்னா, இமேஜ் எல்லாம் கிடைக்குற டாக்கர் ஹப் தளத்துல ஐ, டி, இசட், ஜி அப்படின்ற நாலு எழுத்து அக்கவுன்ட்ல இருக்குற மைன்கிராஃப்ட் ஹைஃபன் சர்வர். பல வருஷமா பராமரிச்சுட்டு வர்ற இமேஜ், தைரியமா எடுக்கலாம். பழைய மாட் ஓட்டணும்னா மட்டும் டேக்ல (இமேஜ் பேருக்குப் பின்னாடி கோலன் போட்டு வர்ற பகுதி) ஜாவா8 இல்ல ஜாவா17னு பாத்துப் போடுங்க. போர்ட் 25565, ரெண்டு பக்கமும் அதே நம்பர். என்விரான்மென்ட்ல யூலா ட்ரூன்னு கண்டிப்பா இருக்கணும், அது லைசன்ஸுக்கு நீங்க சம்மதிக்கிறது, அது இல்லாம சர்வர் கிளம்பவே கிளம்பாது. மெமரி சொல்லலேன்னா 1 ஜிபிதான் எடுத்துக்கும், நாலஞ்சு பேருக்கு 2ஜின்னு போடுங்க, ஜாவா அதுக்கு மேலயும் கொஞ்சம் சாப்பிடும், அதனால மெஷின்ல இருக்குற மொத்த ரேமையும் தூக்கிக் குடுத்துடாதீங்க. வெர்ஷன்ல லேட்டஸ்ட்னு விடாம நம்பராவே எழுதுங்க, காரணம் கீழ வருது. ரீஸ்டார்ட்டுக்கு அன்லெஸ் ஹைஃபன் ஸ்டாப்டு.

இப்ப வால்யூம். புதுசா வர்றவங்க பதினஞ்சு வரி படிச்சு இந்த ஒரு வரியத்தான் தாண்டிப் போயிடறாங்க, தயவுசெஞ்சு போயிடாதீங்க. கன்டெய்னர்ன்றது வாடகை வீடு மாதிரி, எப்ப வேணா காலி பண்ணிட்டு புதுசா ஒண்ணு எடுக்கலாம், ஆனா நீங்க மாசக்கணக்கா கட்டின கோட்டையும் தோண்டின சுரங்கமும் அதுக்குள்ளயே மாட்டிக்கக் கூடாது. இமேஜ் உலகத்தை ஸ்லாஷ் டேட்டாங்கற இடத்துல எழுதுது. அதனால வால்யூம்ஸ் வரியில இடது பக்கம் உங்க ஃபோல்டர் (டாட் ஸ்லாஷ் டேட்டா), நடுவுல கோலன், வலது பக்கம் ஸ்லாஷ் டேட்டா. இது இருந்தா கன்டெய்னரை அழிச்சுட்டுத் திரும்பக் கொண்டுவந்தாலும் உலகம் விட்ட இடத்துலயே நிக்கும்.

டெர்மினல்ல அந்த ஃபோல்டருக்குப் போய் டாக்கர் கம்போஸ் அப், பக்கத்துல ஹைஃபன் டி. டாக்கர் கம்போஸ் லாக்ஸ்ல டன் (Done)னு ஒரு வரி வந்துட்டா சர்வர் ரெடி. அதே கம்ப்யூட்டர்ல இருந்தா லோக்கல்ஹோஸ்ட், அதே வைஃபைல வேற மெஷின்னா அந்த கம்ப்யூட்டரோட லோக்கல் ஐபி.

வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் வரணும்னா ரவுட்டர்ல 25565 டிசிபியை ஃபார்வர்ட் பண்ணணும். ஆனா நம்ம ஊர் கனெக்ஷன் நிறைய சிஜிநாட்டுக்குப் பின்னாடி (ஒரே வெளி ஐபியை நிறைய வீட்டுக்குப் பங்கு போடுற முறை) இருக்கு, ரவுட்டர் காட்டுற வேன் ஐபியும் வெப்சைட் காட்டுற ஐபியும் வேற வேறயா இருந்தா அதுதான், எவ்வளவு ஃபார்வர்ட் பண்ணினாலும் வேலைக்கு ஆகாது. அப்போ எல்லாரும் டெயில்ஸ்கேல் (உங்க மெஷின்களை மட்டும் தனி நெட்வொர்க்கா இணைக்கிற ஆப்) போட்டுக்கிட்டு அது தர்ற ஐபில வந்துடுங்க, சின்ன கூட்டத்துக்கு நான் சொல்றது எப்பவுமே இதுதான், போர்ட்டே திறக்க வேண்டாம். கிளவுட் மெஷின் வாங்கி ஓட்டுறவங்க ஒண்ணு கவனிங்க, டாக்கர் திறக்குற போர்ட் யூஎஃப்டபிள்யூ (லினக்ஸ் ஃபயர்வால்) ரூலைத் தாண்டி நேரா வெளிய தெரியும், யூஎஃப்டபிள்யூல மூடிட்டோம்னு நம்பி உக்காராதீங்க.

அதனாலதான் ஒயிட்லிஸ்ட், அதாவது பேர் இருக்குறவங்க மட்டும் உள்ள வர்ற லிஸ்ட், அவசியம். எனேபிள் அண்டர்ஸ்கோர் ஒயிட்லிஸ்ட் ட்ரூன்னு போட்டுட்டு, டாக்கர் எக்ஸெக் வழியா ஆர்கான் ஹைஃபன் சிஎல்ஐ (சர்வருக்குக் கட்டளை குடுக்குற கருவி, rcon-cli) திறந்து ஒயிட்லிஸ்ட் ஆட்னு அடிச்சு ஒவ்வொருத்தர் பேரையும் சேருங்க. உள்ள வர்றவங்க அக்கவுன்ட் நிஜமான்னு சரிபாக்குற ஆன்லைன் மோடை ஆஃப் பண்ணவே பண்ணாதீங்க, பண்ணினா யாரு வேணா உங்க ஃப்ரெண்டு பேர்லயே உள்ள வந்துடலாம். 2021 டிசம்பர்ல லாக்4ஷெல்ன்ற பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்போ சாட்ல ஒரு வரி அடிச்சே சர்வரைப் பிடிக்க முடிஞ்சுது, 1.18.1 வந்துதான் அடைச்சாங்க. பழைய வெர்ஷன்ல ஓட்டுறவங்க இதை ஞாபகம் வச்சுக்கங்க.

பேக்கப் சிம்பிள்தான். டாக்கர் கம்போஸ் ஸ்டாப் குடுத்தா உலகத்தை சேவ் பண்ணிட்டுதான் நிக்கும், ஆனா டாக்கர் பத்து செகண்டுதான் பொறுக்கும், பெரிய உலகம்னா ஸ்டாப் கிரேஸ் பீரியட் 1 நிமிஷம்னு ஃபைல்ல சேத்துடுங்க. நின்னதும் டேட்டா ஃபோல்டரை வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணிட்டு திரும்ப அப். வெர்ஷன் நம்பர் மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கட்டாயம் பண்ணுங்க, ஏன்னா புது வெர்ஷன்ல ஒருதரம் திறந்த உலகத்தை பழைய வெர்ஷன்ல நம்பித் திறக்க முடியாது, லேட்டஸ்ட்னு விட்டா உங்களைக் கேக்காமலே அது நடந்துடும். எடுத்த பேக்கப் சரியா இருக்கான்னு பாக்கணும்னா அந்த ஃபோல்டரையும் கம்போஸ் ஃபைலையும் வேற கம்ப்யூட்டர்ல போட்டு அப் அடிச்சு உள்ள போய் உங்க வீட்டுக் கதவைத் திறந்து பாருங்க.