வெளிநாட்டு மாணவர் சேர்க்கை: கடிதம் போடும் முன் செய்ய வேண்டிய வேலை

கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் வட்டாரக் கல்லூரிகளுக்கு வெளிநாட்டு விண்ணப்பங்கள் வந்தபடிதான் இருக்கின்றன. ஜவுளித் தொழில்நுட்பம், வேளாண்மை, பொறியியல், நர்சிங் என்று கேட்கிறார்கள். சேர்க்கைப் பிரிவு திணறுவது அதற்குப் பிறகுதான். விசா மறுக்கப்படுகிறது, வெளிநாட்டில் படித்தது இங்கே சேரத் தகுதியானது என்று பல்கலைக்கழகம் தரும் தகுதிச் சான்று வராமல் ஹால் டிக்கெட் நிற்கிறது, போலீஸ் பதிவு தாமதமாகி அபராதம் விழுகிறது. இவற்றில் பலவும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: சேர்க்கைக் கடிதத்தை அவசரமாக அனுப்பியதில். கடிதம் தாமதமானால் ஒரு மாணவரை இழக்கலாம். தவறாகப் போனால் அந்த மாணவருக்கு ஒரு வருடம் போய்விடும். அதனால் கடிதத்துக்கு முந்தைய வேலையைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 25 சதவீதம் வரை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கூடுதல் இடம் உருவாக்கிக்கொள்ள யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022இல் வழி செய்தது. தொழில்நுட்பப் படிப்புகளுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி தனியாக வேண்டும். பாரதியார், பெரியார், அண்ணா பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரி என்றால், தன்னாட்சி இருந்தாலும் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். தகுதிச் சான்றும் அங்கிருந்துதான் வர வேண்டும். மாணவர் வந்து சேர்ந்த பிறகு அதற்கு எழுதிப் போடுவதுதான் முதல் பருவத் தேர்வு நேரத்துக் கண்ணீருக்குக் காரணம். கடிதம் போகும் முன்பே எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.

சான்றிதழைப் படிப்பது

நம் பிளஸ் டூவுக்குச் சமம் எது என்பதில்தான் பெரிய சறுக்கல். தான்சானியாவில் ஃபார்ம் ஃபோர் முடித்தால் 11 வருடப் படிப்பு. ஃபார்ம் சிக்ஸ் முடித்தால் 13. உகாண்டாவிலும் எஸ்-4, எஸ்-6 அதே கணக்கு. ஃபார்ம் ஃபோர் சான்றிதழில் நல்ல மதிப்பெண் இருக்கிறதே என்று பி.ஈ.க்குக் கடிதம் கொடுத்தால் பல்கலைக்கழகத்தில் அது நிற்காது. கென்யாவின் பழைய 8-4-4 முறையில் (தொடக்கப் பள்ளி 8, உயர்நிலை 4, பல்கலைக்கழகம் 4) கேசிஎஸ்இ என்ற பள்ளி இறுதித் தேர்வு முடித்தால் 12 வருடம், அது சரி. இலங்கை மாணவரிடம் ஓ-லெவல் அல்ல, ஏ-லெவல் சான்று கேளுங்கள். நேபாளத்தில் எஸ்இஇ தேர்வு என்பது நம் பத்தாம் வகுப்பு.

மேற்கு ஆப்பிரிக்காவின் வேயெக் தேர்வில் ஏ1 முதல் எஃப்9 வரை தரம் போடுவார்கள்; சி6 வரை ‘கிரெடிட்’. இதை சதவீதமாக மாற்ற ஒவ்வொருவரும் தன் மனக்கணக்கைப் போடக் கூடாது. ஒரு மாற்று அட்டவணையைக் கல்விக் குழுவில் ஒப்புதல் வாங்கி வைத்து, எல்லோருக்கும் அதையே பயன்படுத்துங்கள். சமநிலைச் சான்று எங்கே வாங்க வேண்டும் என்பதையும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தியோப்பியச் சான்றிதழில் தேதியைத் தனியாகப் பாருங்கள். அவர்கள் நாட்காட்டி நம்முடையதைவிட 7 அல்லது 8 வருடம் பின்னால் ஓடுவது; மாதமும் 13. சான்றில் 2015 என்றிருந்தால் அது நம் 2022–23. பாஸ்போர்ட்டில் பிறந்த வருடம் 2005, பள்ளி முடித்தது 2015 என்று பார்த்து, பத்து வயதில் பள்ளி முடித்தானா, போலிச் சான்று என்று ஒதுக்கிவிடாதீர்கள். எந்த நாட்காட்டி என்று எழுதித் தரும் மொழிபெயர்ப்பைக் கேளுங்கள்.

சரிபார்ப்புக்குத் தேர்வு வாரியத்தின் இணையதளத்தை நீங்களே தேடித் திறக்க வேண்டும். ஏஜென்ட் அனுப்பும் பிடிஎஃப்பில் உள்ள லிங்க், க்யூஆர் எதையும் நம்ப வேண்டாம். போலிச் சான்றோடு போலித் தளமும் சேர்த்தே தயாராகிறது. மாணவரின் தேர்வு எண், வருடம், தளம் கேட்கும் ரகசிய எண் (PIN) ஆகியவற்றை வாங்கி, வரும் முடிவுப் பக்கத்தைத் தேதியோடு சேமித்துக் கோப்பில் வையுங்கள். ஒரு நாட்டுச் சான்றை ஒரே முத்திரையில் மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும் அப்போஸ்டில் முறையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. ருவாண்டாவுக்கு அது 2024இல் அமலுக்கு வந்தது. எத்தியோப்பியா, நைஜீரியா போன்றவை அதில் இல்லை. அங்கே வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் பிறகு இந்தியத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். ஊரிலிருந்து கிளம்பிய பின் இதை வாங்குவது பெரும்பாடு என்று மாணவருக்கு முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் நம் அலுவலகங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: தந்தை பெயரைச் சுருக்கி இனிஷியல் போடுவது. எத்தியோப்பியர் பெயர் என்பது தன் பெயர், தந்தை பெயர், தாத்தா பெயர். பர்மாக்காரருக்குக் குடும்பப் பெயரே இருக்காது. மென்பொருள் ‘கடைசிப் பெயர்’ கேட்கிறது என்று எதையாவது வெட்டி ஒட்டினால் விசா, பதிவு, பட்டச் சான்று மூன்றிலும் மூன்று பெயர் வந்து நிற்கும். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி உள்ளதோ அப்படியே போடுங்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

பாஸ்போர்ட் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, படிப்பின் முழுப் பெயர், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம், தொடங்கும் தேதி, முடியும் தேதி. இந்தக் கடைசி இரண்டும் முக்கியம். ‘2026–27 கல்வியாண்டு’ என்று மட்டும் எழுதினால் ஒரு வருடத்துக்கே விசா கிடைத்து, ஆண்டுதோறும் நீட்டிப்புக்கு அலைய நேரிடலாம். நான்கு வருடப் படிப்பை நான்கு வருடம் என்றே எழுதி, கடைசித் தேர்வு முடிவு வரும் மாதத்தை முடிவுத் தேதியாகக் கொடுங்கள். கட்டணம் ஆண்டுவாரியாக, விடுதி தனியாக. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் எழுதுங்கள். பணம் கட்ட வேண்டிய கல்லூரி வங்கிக் கணக்கு இந்தக் கடிதத்திலேயே இருந்தால், ஏஜென்ட் தன் கணக்கைக் காட்டும்போது குடும்பம் உஷாராகிவிடும்.

ஏஜென்ட் மூலம் வந்தாலும் மாணவரோடு நேரடியாக 15 நிமிடம் வீடியோவில் பேசாமல் கடிதம் போட வேண்டாம். என்ன படிக்கப் போகிறார், யார் பணம் கட்டுகிறார், வகுப்பு எந்த மொழியில் என்று தெரியுமா என்று கேளுங்கள். கமிஷனை, மாணவர் இரண்டாம் பருவத்துக்குக் கட்டணம் கட்டிய பிறகு கொடுப்பது நல்லது.

காலக்கணக்கை ஆகஸ்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். விசாவுக்கு 6 முதல் 8 வாரம் ஒதுக்கினால், கடிதம் மே மாதத்துக்குள் போக வேண்டும். கேசிஎஸ்இ முடிவு ஜனவரியில் வருவதால் கென்யாவுக்குச் சிக்கல் இல்லை. தான்சானியாவின் ஃபார்ம் சிக்ஸ் முடிவு ஜூலையில், வேயெக் முடிவு ஆகஸ்டில். அந்த மாணவர்களை அடுத்த ஆண்டுக்கு எழுதிக்கொள்வதே நியாயம். அக்டோபரில் வந்து இறங்குபவருக்கு 75 சதவீத வருகைப்பதிவு எட்டாது.

கட்டணம், வருகை, பதிவு

மாணவர் கட்டும் கல்விக் கட்டணம், வெளிநாட்டு நன்கொடைகளைக் கட்டுப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை அல்ல. சட்டமே அதை விலக்கியிருக்கிறது. ஆகவே அதை எஃப்சிஆர்ஏ கணக்கில் வாங்காமல் சாதாரணக் கணக்கில் வாங்குங்கள். இடையில் உள்ள வங்கிகள் பிடித்துக்கொள்வதால் தொகை குறைந்து வரும்; வங்கிக் கட்டணம் முழுவதும் அனுப்புபவருடையது என்ற வகையைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள். நைஜீரியா, எத்தியோப்பியாவில் டாலர் கிடைப்பதே கடினம். அந்தக் குடும்பங்களுக்குத் தவணை வசதி கொடுக்காமல் அபராதம் போடுவது சரியல்ல.

எத்தியோப்பியா, கென்யா, உகாண்டா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து வருபவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்கு 10 நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். சான்று இல்லாவிட்டால் விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம், விசா, வருகை முத்திரை, கல்லூரியின் போனஃபைட் (இங்கே படிக்கிறார் என்ற சான்று), தங்குமிடச் சான்று ஆகியவற்றை முதல் வாரத்திலேயே ஏற்றிவிடுங்கள். கேள்வி வந்தால் பதில் சொல்ல மறுவாரம் இருக்கும். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் அமலில் உள்ளது. பழைய கடித மாதிரிகளில் 1946ஆம் வருடச் சட்டம் இருந்தால் மாற்றுங்கள். நேபாள, பூட்டான் மாணவர்களுக்கு விசாவும் இல்லை, இந்தப் பதிவும் இல்லை.

வெளிநாட்டு மாணவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை அரசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். விடுதி என்றால் வார்டன் செய்துவிடுவார். பீளமேட்டிலோ சரவணம்பட்டியிலோ வீடு எடுத்தால் வீட்டுக்காரர் செய்ய வேண்டும். “போலீஸ் சமாச்சாரமெல்லாம் நமக்கெதுக்குங்க” என்று அவர் பின்வாங்குவது இயல்பு. வீட்டுக்கு ஒருவர் நேரில் போய், அவர் பெயரில் கணக்கு தொடங்கி, முதல் தடவை கூட இருந்து ஏற்றிக் கொடுங்கள். அரை மணி நேர வேலை. அடுத்த மாணவருக்கும் அதே வீடு கிடைக்கும்.

பவானிசாகர் போன்ற அகதி முகாம்களில் வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளை இந்தக் கோப்பில் சேர்க்காதீர்கள். நம் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்தவர்களிடம் விசா கேட்பதும் டாலர் கட்டணம் கேட்பதும் அநியாயம். முகாம் அடையாள அட்டையை வைத்து, மாநில அரசு விதிப்படி தனியாகப் பாருங்கள்.

விசா முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே நீட்டிப்புக்குப் போட வேண்டும். எல்லோருடைய தேதியும் ஒரே தாளில் துறைத்தலைவரிடமும் இருக்கட்டும். ஒருவர் படிப்பை நிறுத்தினால், கல்லூரி மாறினால், சொல்லாமல் வகுப்புக்கு வராமல் போனால் பதிவு அலுவலகத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். கல்லூரி மாற முன் அனுமதி தேவை என்பதை மாணவருக்கும் சேர்ந்த அன்றே சொல்லிவிடுங்கள்.